ஒரு சொம்புத் தண்ணீர்

செத்துப்போவதில் என் மாமாவை யாரும் மிஞ்ச முடியாது. மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பவர், திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவார். கண் செருகும், நாக்கு தொங்கும். நானும் தம்பியும் கிச்சுகிச்சு மூட்டினால்தான் உயிர் திரும்பும். அம்மாவுக்கு ஒரே தம்பி. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் முகையூரிலிருந்து எங்கள் கெடாருக்கு வந்தால் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்.

அந்த வருடம் கொல்லையில் ஏதோ ஒரு நாய் அவர் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. பெரிய காயமில்லை, இரண்டு பல் பதிந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்துடட்டுமாக்கா?" என்றார் மாமா.

"தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்க. ஒரு வாரம் எழுந்திருக்க மாட்ட. மல்லாட்டைய எவன் புடுங்கறது? நான் பாத்துக்கறேன், பேஜார் பண்ணாம உக்காரு" என்றாள் அம்மா.

எங்கள் தெருவுக்கு அம்மாதான் டாக்டர். சளி, சேற்றுப்புண், குழந்தைகளின் வயிற்று உப்புசம் எல்லாம் அவளிடம்தான் வரும். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடிவாயில் மிளகாய்த்தூளையும் சுண்ணாம்பையும் வைத்துத் தேய்த்தாள். மாமா அலறினார். அதுவும் நடிப்பென்று நாங்கள் கை தட்டினோம். பிறகு ஏதோ தழையை அரைத்து, வெல்லத்தில் பொதிந்து மூன்று நாள் விழுங்க வைத்தாள். நாற்பது நாள் பத்தியம், கருவாடு கூடவே கூடாது. அது முடிந்த அன்று அவளே கருவாட்டுக் குழம்பு வைத்துத் தட்டு நிறையப் போட்டாள்.

"பாத்தியா? ஊசியாம் ஊசி!"

பத்து நாள் கழித்து மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. கடிபட்ட இடம் குறுகுறுக்கிறது என்று சொறிந்துகொண்டே படுத்திருந்தார். அம்மா தெருக்குழாய்க்குப் போயிருந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை அவர் வாயருகே நீட்டினேன். மாமா விலுக்கென்று பின்னால் சாய்ந்தார். கழுத்து இழுத்துக்கொண்டது, கடைவாயில் எச்சில் வழிந்தது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இவ்வளவு நன்றாக அவர் என்றுமே நடித்ததில்லை.

"இன்னொரு வாட்டி மாமா!"

மறுபடி நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவர் கை பட்டுச் சொம்பு உருண்டு வீடெல்லாம் தண்ணீரானது. மாமா அழுதார், நாங்கள் அதற்கும் சிரித்தோம். இன்று அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

குடத்தோடு உள்ளே வந்த அம்மா, மாமாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு மடேர் மடேரென்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வேன் வைத்து மாமாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் துணி சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தம்பி கிச்சுகிச்சு மூட்டப் போனான். யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். நான் ஓடிப்போய்க் குடத்தை எடுத்தேன். தண்ணீரைக் கொட்டியதற்குத்தான் அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்திருந்தேன். குழாயிலிருந்து வீடுவரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தேன். மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் குடத்தை இறக்கினேன்.

"பாரும்மா, ஒரு சொட்டுகூடக் கொட்டல" என்றேன்.