சத்தத்தை எடுத்துவிட்ட வீடியோ

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் செல்போன் கடை வைத்திருந்த காலம் அது. கல்யாண சிடியோ காதுகுத்து கேசட்டோ, எந்த வீடியோவையும் எந்த போனிலும் ஓடவைத்துவிடுவேன். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்டவர்களே மறுமுறை தங்கச்சி வீட்டு மெமரி கார்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் வடுகபட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் டிஜிட்டல் கேமராவில் பிடித்த வீடியோ ஒன்று இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அண்ணனின் போனுக்கு அதை மாற்ற வேண்டும். சின்னத் திரை போன். அதற்கேற்றபடி சுருக்கினேன். போன் திணறக்கூடாதென்று நொடிக்கு முப்பது படம் இருந்ததை எட்டாக்கினேன்.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. நல்லாக் கூட்டி வச்சிருக்கேன்" என்றேன் பெருமையாக. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட, கார்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த வாரம் திரும்பி வந்தாள். கூடவே அவளுடைய மதினி, இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன்.

"அண்ணே மெசேஜ் அனுப்பிருக்காக. கையி ஒண்ணும் தெரியலையாம்."

"எந்தக் கை?"

"அண்ணனுக்கும் மதினிக்கும் காது கேக்காதுக்கா. பேசவும் வராது. கையிலதான் பேசிக்கிருவாக. அதைத்தான் பிடிச்சு அனுப்புனோம்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் பாடுபட்டுக் கூட்டிய சத்தத்தில் ஆடு கத்துவதைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. மூல வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். முற்றத்தில் உட்கார்ந்து மதினி கைகளால் பேசிக்கொண்டிருந்தாள், மடியில் பையன். ஓரிடத்தில், பக்கத்தில் நின்ற மதினி என் மேசையைத் தட்டித் திரையைக் காட்டினாள். பையனின் விரல் மேலுதட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கீழே இறங்கியது.

"மீசைக்கா. அப்பான்னு சொல்றான். இவனுக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனாலும் அவுக ஆத்தாவைப் பாத்துப் பாத்து, மொத வார்த்தையக் கையிலதான் சொன்னான்."

நான் மாற்றிக்கொடுத்ததை ஓட்டிப் பார்த்தேன். ஒரு படத்தில் விரல் முழங்காலில் இருந்தது. அடுத்ததில் மறுபடி முழங்காலில். உதட்டுக்குப் போய்வந்த விரலை நான் எறிந்த படங்களோடு எறிந்திருக்கிறேன்.

"உக்காருங்க. சரியாக்கிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றேன். என்ன செய்ய வேண்டுமென்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தத்தை அடியோடு எடுத்தேன். அது பிடித்திருந்த இடத்தைப் படத்துக்குக் கொடுத்தேன். முற்றத்தையும் ஆட்டையும் வெட்டிவிட்டு, தாயும் பிள்ளையும் மட்டும் திரை நிறைய வரும்படி வைத்தேன். அவள் அண்ணனுடையது போலவே கடையிலிருந்த ஒரு போனில் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு இருபது படம் வைத்தபோது போன் திக்கியது. பதினைந்தில் தண்ணீர் போல ஓடியது.

மதினி போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பையன் வரும் இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்துக் காட்டினாள்.

"இன்னும் கிட்டக்க வேணுமாம்" என்றாள் நாத்தனார்.

அவள் கேட்டது சரிதான். அந்த இடத்தில் மட்டும் பையன் முகத்தை இன்னும் பெரிதாக்கினேன். பார்த்துவிட்டுத் தலையை ஒரே ஒரு முறை ஆட்டினாள்.

நான்காம் நாள் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணே பாத்துட்டாகளாம்! லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டாகக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோளில் பையனோடு அவரே கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து மூன்று மெமரி கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். கூட வேலை பார்க்கும், அவரைப் போலவே கையால் பேசும் மூன்று பேருடையவை. யாருக்கு என்ன போன், எந்த இடத்தில் பெரிதாக வேண்டும் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதியிருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் ஐந்து மணியைத் தொட்டுக் காட்டினேன்.