படியில்லாத வீட்டில் விழுந்தவர்

கொழும்பில் வீட்டுச் சாவியை மறந்தாலும் மறக்கலாம், பொலிஸ் பதிவுத் துண்டை மறக்கக்கூடாது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. யாழ்ப்பாணத்தில் பெயரைச் சொன்னால் யாருடைய பிள்ளை, எந்த வளவு என்று விசாரிப்பார்கள். இங்கே வெள்ளவத்தையில் நான் ஒரு தாளில் மூன்று வரி: நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, தங்கும் காரணம். தவணை முடிந்ததும் பொலிசுக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். பதிவு மேசையில் இருப்பவன்தான் என் கணவரின் கையை முறித்த சார்ஜன்ட். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் வந்தோம். சுற்றிவளைப்பில் பொலிசார் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவர்களே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சார்ஜன்ட் பக்கத்தில் நின்றபடியால் கேட்டதற்கெல்லாம் இவர் தலையாட்ட, நோயாளியின் விபரம் எழுதும் டிக்கட்டில் "வீட்டு மாடிப்படியில் விழுந்தார்" என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் இருந்த வாடகை அறைக்கு ஒரு படிகூடக் கிடையாது! வீடு கட்டுவதற்குப் படங்கள் வரைந்து சம்பாதித்த மனிதர். இன்று வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாது.

வயிறு ஒன்று இருக்கிறதே, நான் இன்னோர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். டிக்கட்டைப் படித்து, தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து, நோய்க்கு இலக்கம் போடும் வேலை. பழைய காயம் விட்டுப்போன குறைக்கு அங்கே ஒரு முறை உண்டு. இப்போது இருக்கும் குறைக்கு முதல் இலக்கம், அதைத் தந்த பழைய காரணத்துக்கு அடுத்த இலக்கம். விழுந்ததால் வந்தது என்றால் ஆங்கில 'வை' எழுத்தோடு எண்பத்தாறு. ஒருவன் அடித்து வந்தது என்றால் வை எண்பத்தேழு தசம் ஒன்று. எத்தனை வருடம் போனாலும் காரணத்தை எழுதத்தான் வேண்டும் என்று படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம்! ஆனால் டொக்டர் எழுதாததை நான் போட முடியாது. இவருக்கோ எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிளினிக்.

"இஞ்சாருங்கோ, டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? திரும்ப அவனிட்டத்தானே பதியப் போகோணும்."

"அதுக்காகத்தான் சொல்லச் சொல்லுறன்."

ஆறு மாதம் மறுத்தார். போன கிளினிக்கில், கழற்றிய சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியாமல் நின்றவரிடம் எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்க, பொலிசில் அடித்தது என்று சொல்லிவிட்டார். டொக்டரும் அப்படியே எழுதினார்.

டிக்கட் என் மேசைக்கு வந்தது. எங்கள் அறைக்குப் பெரியவர் ஒரு சிங்களவர். நல்லவர், பயந்தவர். என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எட்டிப் பார்த்தார்.

"நங்கி, முந்தி விழுந்தது எண்டுதானே இருந்தது? எண்பத்தாறு போடுங்க. ஒரு நம்பர்தானே வித்தியாசம்."

நான் டிக்கட்டின் மேல் குனிந்துகொண்டதைக் கண்டு, அழப்போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், பாவம். எனக்கு வந்தது ஆத்திரம்.

"டொக்டர் எழுதினதைத்தான் போடுவன், சேர்." மையால் போட்டேன்.

இந்த வாரம் பதிவு புதுப்பிக்கப் போனோம். தங்கும் காரணத்துக்கு வழக்கமாகச் "சிகிச்சை" என்று எழுதுவேன். இம்முறை இவருடைய கைக் குறைக்கும் அதன் காரணத்துக்கும் நான் போட்ட இரண்டு இலக்கங்களையும் எழுதினேன். இவர் இடது கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"மொகத்த மே?" என்றான் சார்ஜன்ட். என்ன இது என்கிறான்.

"ஆஸ்பத்திரி நம்பர், சேர். இவரிட கைக்கு."

கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பாழாய்ப்போனவனுக்கு ஞாபகம்கூட இல்லை! சீல் குத்தி, தான் செய்த வேலையின் இலக்கத்துக்குக் கீழே தானே ஆற அமரக் கையெழுத்து வைத்துத் தந்தான்.

துண்டு எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நிரந்தர முகவரி யாழ்ப்பாணம், தற்காலிக முகவரி வெள்ளவத்தை, அதற்குக் கீழே அந்த இலக்கங்கள், அவன் கையெழுத்து. ஊருக்கே போய்விடுவோம் என்கிறார் இவர். போகலாம். எந்த முகவரிக்குப் போனாலும் இந்தத் துண்டைக் கொண்டுதான் போவேன்.