தலையாட்ட முடியாத வெலிச்கா

தாயை அடக்கம் செய்த அன்று வெலிச்காவின் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. மண்ணை அள்ளிப் போட்டாள், வந்தவர்களுக்குச் சாவு வழக்கப்படி வேகவைத்த கோதுமையைப் பரிமாறினாள், வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாள். அன்றிலிருந்து குடியிருப்பில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். மகள் கலினாகூட ஒருமுறை கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள்.

காரணம் சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. புருஷன் விட்டுப் போன வருஷம் அவள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அது அவளை எழுப்பி உட்கார வைத்தது, வேலைக்கு அனுப்பியது. உண்மையைச் சொன்னால் உயிரையே காப்பாற்றியது. கூடவே அழுகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மனசுக்கு மாத்திரை என்றால் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிற அக்கம்பக்கம். அதனால் மகளிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

சோபியா நகரத்தில் முழங்கால் கடை என்று சொல்கிற ஒரு கடையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா ரொட்டி விற்பது அவள் வேலை. கடை நிலவறைக்குள், ஜன்னல் நடைபாதை மட்டத்தில். வாங்க வருகிறவர்கள் குந்தித்தான் கேட்க வேண்டும். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேரை அவளுக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். "சூடா இருக்கா?" என்று கேட்டால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவாள். அந்த ஊரில் ஆமாம் என்றால் அப்படித்தான். இல்லை என்றால் தலையை மேலே வெட்டி, நாக்கால் ஒரு 'ட்சு'.

கலினாவுக்கும் போரில் என்ற பையனுக்கும் நிச்சயம் என்று ஆனதும் வெலிச்கா ஒரு முடிவெடுத்தாள். மகளின் நிச்சயத்தில் மரக்கட்டையாக நிற்கக் கூடாது, அழ வேண்டும். டாக்டரிடம் போனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வார். அவ்வளவு பொறுமை அவளுக்கு ஏது? ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். வீம்பு பிடித்தவள், யார் சொல்லியும் கேட்டிருக்க மாட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆரம்பித்தது. கண்ணைச் சட்டென்று திருப்பினால் போதும், ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டது போலத் தலைக்குள் சுளீர் என்று ஒரு ஷாக். தலையை ஆட்டினால் இன்னும் மோசம். குமட்டல், வியர்வை, கெட்ட கனவுகள், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அழுகை மட்டும் வரவில்லை. கடையில் தலையாட்டுவதை நிறுத்தினாள், கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொன்னாள்.

"என்னக்கா, கழுத்துல சுளுக்கா?" என்று ஒருவன் குனிந்து விசாரித்தான்.

"ஆமா, சுளுக்குதான். பனித்ஸா வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

நிச்சய நாள் வந்தது. போரிலின் அப்பா ஸ்தோயில் சிவப்பு நூல் சுற்றிய ரக்கியா புட்டியோடு வந்து நின்றார். சாராயம் அவரே காய்ச்சியது, மீசை இந்த விசேஷத்துக்காகவே முறுக்கியது.

"எங்க பையனுக்கு உங்க பொண்ணைத் தருவீங்களா?"

பெண்ணைப் பெற்றவள் இரண்டு தடவை வாய் திறக்காமல் இருப்பது வழக்கம். மூன்றாவது தடவை தலையாட்டிவிட்டுப் புட்டியிலிருந்து ஒரு மிடறு குடிக்க வேண்டும். இரண்டு தடவையும் வெலிச்கா கல்லாக நின்றாள்.

"சம்பந்தியம்மா நல்லா பிகு பண்றாங்க!" என்று ஸ்தோயில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை கேட்டார். வாயாலேயே சொல்லிவிடலாம் என்றுதான் வெலிச்கா நினைத்திருந்தாள். ஆனால் ஆசை யாரை விட்டது? மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணைத் திருப்பினாள். சுளீர் என்றது. தலை மேலே வெட்டியது. நாக்கு தானாக 'ட்சு' என்றது.

சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்தோயில் புட்டியின் தக்கையைத் திரும்ப அழுத்தினார்.

"சரி. மூணு தரம் கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. கிளம்புடா போரில்."

"ஏம்மா இப்படிப் பண்ணே?" கலினாவின் குரல் உடைந்தது. "உனக்கு என்மேல பாசமே கிடையாதா?"

சுளுக்கு என்ற பொய் வெலிச்காவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மாத்திரைடி" என்றாள். "மனசுக்கு. உங்கப்பன் போனதுலேர்ந்து போட்டுக்கிட்டிருக்கேன். அதைப் போட்டா அழுகை வராது. எங்கம்மா செத்தப்பவும் அதான். உன் நிச்சயத்துக்காவது அழணும்னு நிறுத்தித் தொலைச்சேன். இப்ப அது தலைக்குள்ள உதைக்குது. நான் இல்லேன்னு சொல்லல."

ஸ்தோயில் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"நிறுத்துறதுக்கு நாள் பாத்தீங்க பாருங்க, சம்பந்தி!" தக்கையை மறுபடி பிடுங்கினார். "இன்னொரு தரம் கேக்கறேன். வாயால சொன்னா போதும், தலையை விட்டுடுங்க. தருவீங்களா?"

வெலிச்கா எப்போது சொன்ன பேச்சைக் கேட்டாள்? தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே அடி விழுந்தது, அவள் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலியா, சந்தோஷமா, அவளுக்கே தெரியவில்லை. கலினா ஓடிவந்து அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்மா. தெரிஞ்சுபோச்சு, போதும்."

மறுநாள் கலினாதான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், உடம்பு நிலைக்கு வந்த பிறகு துணுக்குத் துணுக்காகக் குறைத்தார். கல்யாணத்தன்று வெலிச்காவின் கண் காய்ந்துதான் இருந்தது.

"பெத்தவளுக்குக் கண்ணு கலங்கலையே" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"எங்கம்மா எனக்கு அழ வேண்டியதை முன்னாடியே அழுதாச்சு" என்றாள் கலினா. "நீங்க கேக்கைச் சாப்பிடுங்க."

இப்போது மாத்திரை கால்வாசிக்கு வந்திருக்கிறது. கலினா அவ்வப்போது கடை ஜன்னலில் வந்து குந்துவாள்.

"மாத்திரை நின்னுடுச்சாம்மா?"

வெலிச்கா தலையை மேலே வெட்டி 'ட்சு' என்பாள். பக்கத்தில் யார் குந்தியிருந்தாலும் கவலையில்லை.

"பனித்ஸா சூடா இருக்கா?"

அதற்கு இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். மெதுவாகத்தான். ஆனால் ஆட்டுவாள்.