முழுகாமல் இருந்த பேட்டரி

சட்டைக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொத்தான் ஓட்டையைச் சுற்றி நூல் அப்படி நெருக்கமாக உட்காரும். காஜாக்காரி என்பதே பெயராகிவிட்டது. கை அப்படி, ஆள் வாயில்லாப் பூச்சி. அந்த வாய் ஒரே ஒரு விஷயத்துக்குத் திறந்தது, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

புருஷனுக்குப் பேட்டரி சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் வேலை. பேட்டரி பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒருநாள் கீழே விழுந்து நசுங்கியது; டேப்பைச் சுற்றினான், கதை முடிந்தது. சார்ஜர் செத்ததும் வேறு எதனுடைய சார்ஜரையோ சொருகினான். முனை நுழைந்தால் போதுமாம் அவனுக்கு.

மாடியில் ஒற்றை அறை, ஒரே வாசல். பிளக் அந்த வாசலை ஒட்டித்தான். பேட்டரி அங்கேயே படுத்திருக்கும், தூசி படாமலிருக்க மேலே போர்வை வேறு. கொஞ்ச நாளில் அது டேப்பைப் பிய்த்துக்கொண்டு உப்பியது.

"என்னங்க, தொட்டா கொதிக்குது. உப்பிப்போனதைச் சார்ஜ் போடவே கூடாதுன்னு டிவியில சொன்னாங்க. வாசல்ல எரிஞ்சா எந்தப் பக்கம் ஓடுறது? பழைய பேட்டரி வாங்குற எடத்துல குடுத்துடுங்க."

கட்டிலில் கிடந்த மாமியார் முந்திக்கொண்டாள். "பாத்தியாடா, உன் பேட்டரி முழுகாம இருக்கு! ஏழு வருஷத்துல இந்த வீட்டுல வயிறு உப்புனது அது ஒண்ணுதான். அதையும் தூக்கிப் போடணுமாம். வயித்தெரிச்சல் புடிச்சவ!"

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையாம்மா?" என்றான் மகன். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

மனம் கேட்கவில்லை அவளுக்கு. அவன் குளிக்கும்போது பேட்டரியைக் கழற்றி வெளியே மொட்டைமாடியில் வைத்தாள். வந்து பார்த்தவன் அவள் கன்னத்தில் ஒன்று விட்டான். "என் சோத்துல மண்ணப் போடுறியா?" பேட்டரி பழைய இடத்துக்கே வந்தது.

ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்திருந்தான். போர்வைக்குள் புஸ்ஸென்று சத்தம், பிறகு வெள்ளைப் புகை. என்னவென்று பார்ப்பதற்குள் படபடவென்று பொறி தெறித்துப் போர்வை பற்றிக்கொண்டது. புருஷன் எழுந்தான், ஒரே தாண்டு, படியிறங்கி ஓடியே போனான். பெற்றவளும் நினைவில்லை, கட்டியவளும் நினைவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிடாதடி! எனக்கு முட்டி மடங்காதேடி!"

காஜாக்காரி கிழவியை முதுகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலை மறித்து எரிந்ததை வெறுங்கையால் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

கிழவிக்கு நுனிமுடி கருகியதோடு சரி. இவளுக்குப் பத்து விரலும் வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஊசி பிடித்த விரல்கள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் மூக்கைச் சிந்தினாள். "நான் அன்னைக்கே சொன்னேன். இவ வயிறு எரிஞ்சுது, வீடே எரிஞ்சுது."

புருஷன் ஆமாம் என்று தலையாட்டினான்.

வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கேயும் ஒரே வாசல். அதே கடையிலிருந்து இன்னொரு பேட்டரி வாங்கி வந்தான். வரும்போதே அதற்கு டேப் சுற்றியிருந்தது. வாசலோரம் சொருகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கட்டுப்போட்ட கையோடு அவள் எழுந்து போய், முழங்கையால் ஸ்விட்சை அணைத்தாள்.

"ஆரம்பிச்சிட்டா மகராசி" என்று மாமியார் கட்டிலிலிருந்து இறங்கினாள். அதற்கு மட்டும் முட்டி நன்றாக மடங்கியது. நடந்து போய் ஸ்விட்சைப் போட்டாள்.