ஒரு சொட்டு வேர்வை இல்லை

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் நோன்பு நாட்களில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு பள்ளிக்கூட லீவும் வந்துவிடும். ஆகவே செகந்திராபாத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நாங்கள், தெருநாய்கூட நிழலை விட்டு நகராத மே மாதத்தில், கம்பளிக் கோட் மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் கல்யாணம் செய்துகொள்கிறோம். இதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரிவதில்லை. என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.

அந்த வாரம் முழுக்க, பகலில் வெளியே வராதீர்கள் என்று போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதே போனில்தான் அம்மா சொந்தபந்தங்களையெல்லாம் கூப்பிட்டு, "பன்னெண்டு மணிக்கு டாண்ணு வந்துரணும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

கோட் விஷயத்தில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாஸ்டர் அங்கியைக் கழற்றாதவரை பெண்ணின் அப்பா கோட்டைக் கழற்ற மாட்டார். அவர் கழற்றாதவரை மற்ற ஆண்கள் கழற்ற மாட்டார்கள். பாஸ்டரோ சாப்பாட்டுக்கு ஜெபம் சொல்லும்வரை அங்கியோடுதான் இருப்பார். யாராவது ஒருவர் துணிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருக்கலாம். மரியாதை விடவில்லை.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை முழுக்க மாரெட்பள்ளி வீட்டுக்கும் சர்ச்சுக்கும் ஸ்கூட்டரில் அலைந்துவிட்டு, பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து ஆல்டர் வரை நடத்திக்கொண்டு போனார். அப்போது அவர் கை வேர்வையில் வழுக்கியது.

விருந்து பக்கத்திலிருந்த தகரக் கூரை ஹாலில். ஃபேன்கள் சூட்டை எல்லோருக்கும் சமமாகப் பரிமாறின. கேக்கின் மேல்தட்டு சரியத் தொடங்க, மாப்பிள்ளையின் தம்பி அதைக் கையால் தாங்கியபடியே போட்டோவுக்குச் சிரித்தான். அம்மா மேடையில் அப்பாவைக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

"அவியளப் பாருங்க. எல்லாரும் தொப்பலா நிக்கிய. அவியளுக்கு ஒரு சொட்டு வேர்வை இல்ல!"

உண்மைதான். அப்பாவின் முகம் சிவந்து, காய்ந்து கிடந்தது. சித்தப்பா வந்து அவர் கையைக் குலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்.

பிறகு அப்பா நன்றியுரை சொல்ல மைக்கைப் பிடித்தார். "பயணிகள் கவனிக்க" என்று ஆரம்பித்தார். "இந்த வண்டி காசிப்பேட்ல நிக்காது. மாப்பிள்ள டிக்கெட் எடுத்தாச்சான்னு பாத்துக்கிடுங்க." ஹாலே அதிர்ந்தது. இவ்வளவு நகைச்சுவையான நன்றியுரையை எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க எங்க இறங்கணும்?"

விசில்கூட அடித்தார்கள். அவர் கண்ணில் நான் இல்லை. "அம்மா, அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு" என்றேன். "சும்மா இரு. அவிய எப்பவும் இப்படித்தான் கேலி பேசுவாவ" என்றாள் அம்மா. மணப்பெண் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்று போட்டோகிராபர் வேறு என்னை அதட்டினார்.

வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்ற மாப்பிள்ளையின் அத்தை ஒரு டாக்டர். அப்பாவின் கையைத் தொட்டதும் கத்தினார். "கொதிக்குது! வேர்க்கலைன்னா பெருமையா? உடம்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம். கோட்டைக் கழட்டுங்க!"

"கோட்டு வேண்டாம் டாக்டரம்மா" என்று அம்மா பாய்ந்து வந்தாள். "சட்டைல முன்பக்கம் மட்டுந்தான் தேய்ச்சிருக்கு!"

கழற்றினார்கள். அப்பா சரிந்தார். கூல்டிரிங்க் வைத்திருந்த தொட்டியிலிருந்து ஐஸை அள்ளிய டாக்டரிடம், "நக்கோ, வேணாம் மேடம், கூல்டிரிங்க் எல்லாம் கரம் ஆயிடும், சூடாயிடும்" என்று கேட்டரிங்காரர் மன்றாடினார். டாக்டர் அவரை நகர்த்திவிட்டு அப்பாவின் கழுத்திலும் அக்குளிலும் ஐஸைத் திணித்தார், மேஜைவிரிப்புகளை நனைத்துப் போர்த்தினார். ஆண்கள் எல்லோரும் கோட்டைக் கழற்றி அவருக்கு விசிறினார்கள். அப்போதுதான் பார்த்தேன், அத்தனை பேர் சட்டையிலும் முதுகுப்பக்கம் கசங்கிக் கிடந்தது. எந்த வீட்டிலும் அந்தச் சூட்டில் சட்டையை முழுதாகத் தேய்க்கவில்லை. பாஸ்டர் அங்கியைக் கழற்றி மடித்து அப்பாவின் தலைக்குக் கொடுத்தார்.

பேகம்பேட்டில் ஓர் ஆஸ்பத்திரி. பிழைப்பாரா என்று கேட்டால், காலையில்தான் சொல்ல முடியும் என்றார்கள். பட்டுப்புடவையோடு வராந்தாவில் உட்கார்ந்து, அவர் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று ஆண்டவரிடம் அழுதேன்.

மறுநாள் காலை அப்பா கண் விழித்தார். என்னை அடையாளம் தெரிந்தது. புடவையைப் பார்த்துப் பதறினார்.

"எம்மா, நீ இன்னும் கெளம்பலையா? கோயில்ல எல்லாரும் காத்துக் கெடப்பாவளே."

"கல்யாணம் முடிஞ்சிட்டுப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய விட்டுட்டா முடிச்சிட்டிய?" என்றார்.