நல்ல ஆணை எழுதச் சொன்னார்கள்

நான் எழுதிய கதைகளில் அதிகம் பேர் படித்தது ஓர் ஆண் பால்கனியில் நிற்கும் கதை. அந்தக் கதையில் அவர் வேறெதுவும் செய்வதில்லை. அடிப்பதில்லை, குடிப்பதில்லை, இன்னொரு பெண்ணைத் தேடிப் போவதில்லை. நிற்கிறார், அவ்வளவுதான். அதற்கே கிழக்குத் தாம்பரத்தில் சில மாதங்கள் என் தலைதான் உருண்டது.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் எங்கள் பகுதியில் போர்வெல் போட்டவர்களுக்கெல்லாம் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி தெருமுனையில் வந்து நிற்கும். அதற்கு நேரம் காலம் கிடையாது. ஹாரன் கேட்டதும் பெண்கள் குடங்களோடு கீழே ஓடுவோம். ஆண்கள் பால்கனிக்கு வருவார்கள். லுங்கி, பனியன், கையில் மடித்த செய்தித்தாள். எங்கள் வீடு இரண்டாம் மாடி என்பதால் என் கணவருக்குப் பார்வை நன்றாக எட்டும்.

"அந்தப் பச்சைக் குடத்த முதல்ல வை."

"ஓஸ விட்டுடாத, புடிச்சுக்கோ."

"பாத்து, படியில சிந்தாம கொண்டா."

நான் ஐந்தாவது குடத்தை ஏற்றி முடித்ததும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். உண்மையாகவே வியர்த்திருக்கும். சித்திரை வெயில் அப்படி.

நான் அப்போது குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பத்து வருடமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். இந்தப் பால்கனியை அப்படியே எழுதி ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். வந்துவிட்டது. கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். படித்துவிட்டு இதழை மூடி வைத்தார்.

"பாவம் அந்தப் பொண்ணு. இப்படியெல்லாமா ஒருத்தன் இருப்பான்?" என்றார். பிறகு காபி கேட்டார். நான் கொடுத்தேன்.

யாரை எழுதினேனோ அவருக்குத் தெரியவில்லை. நான் நினைத்தே பார்க்காதவர்களுக்கெல்லாம் தங்களைத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு இலக்கிய வட்டம் கூடும். அதன் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிறுகதைத் தொகுதி ஒன்று போட்டிருந்தார். செயலாளர் வங்கியில் அதிகாரி, கவிதை எழுதுபவர். முதலில் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. அது எங்க வீட்டு பால்கனிதானே?"

"சார், உங்க வீட்டுக்கு நான் வந்ததே இல்லையே."

"வரலேன்னாலும் தெருவுல போறப்ப பாத்திருப்பீங்க. செய்தித்தாளை நாலா மடிக்கிறது நான் மட்டும்தான்."

அடுத்த நாள் செயலாளர் கூப்பிட்டார். அவர் வீட்டில் பால்கனியே கிடையாது. மொட்டை மாடிதான்.

"மேடம், உங்க கற்பனைய நான் மதிக்கிறேன். ஆனா நான் தினமும் ரெண்டு குடம் தூக்கறவன். வேணும்னா என் மனைவியக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. அவரே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்க, தூக்கினார். போன வருஷம், மாமியார் வந்திருந்தப்ப."

அந்த மாதக் கூட்டத்துக்குத் தலைப்பே மாறிவிட்டது. 'பெண் எழுத்தில் ஆண்: கற்பனையா, காழ்ப்பா?' ஒரு டுடோரியல் சென்டரின் மாடியில் கூட்டம். பேச ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள். காழ்ப்பு என்ற கட்சிக்கு ஐந்து பேர் போனதால் கற்பனைக்கு ஆள் இல்லை. ஒருவர், எனக்குச் சின்ன வயதில் அப்பாவிடம் ஏதோ கசப்பு இருந்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், பெண்கள் எழுத வந்ததிலிருந்து கதையில் ஆண் மகன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்றார். கைதட்டல் கிடைத்தது. தலைவர் கடைசியில் எழுந்தார்.

"நாங்களும்தான் பெண்களை எழுதறோம். எவ்வளவு உசத்தியா வைக்கிறோம்! தாயா, தெய்வமா, நதியா வைக்கிறோம். நீங்க எங்கள ஒரு பனியனோட நிறுத்திட்டீங்களே அம்மா!"

இரண்டு மணி நேரம் கழித்து, நேரம் இல்லாத காரணத்தால் எனக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. தலைவரின் தொகுதியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

"சார், உங்க புத்தகத்துல பன்னெண்டு கதை. ஒன்பது கதையில கதாநாயகி செத்துப்போறா. ரெண்டு கதையில காத்துக்கிட்டிருக்கா. ஒரு கதையில காபி கொண்டுவந்து வச்சிட்டு உள்ள போயிடறா, அப்புறம் திரும்பி வரவே இல்ல. என் கதையில உங்களுக்கு உயிராவது மிச்சம் இருக்கு."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மேடைப் பழக்கம் உள்ளவர், விடவில்லை. "குறை சொல்றது சுலபம் அம்மா. ஒரே ஒரு நல்ல ஆணை எழுதிக்கொண்டு வாங்க. நாங்க தலை வணங்கறோம்" என்றார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதற்குள் கணவருக்கு விஷயம் போய்விட்டது. மறைமலைநகர் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர், "என்ன சார், கதாநாயகன் ஆயிட்டீங்க போல" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை இதழையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பிழை திருத்தினார்.

"அஞ்சு குடம்னு போட்டிருக்கே. நம்ம வீட்டுல ஆறு."

"ஆறாவது உடைஞ்சு போச்சுங்க."

"'சிந்தாம கொண்டா'ன்னு மூணு தடவ சொல்றான். நான் ஒரு தடவைக்கு மேல சொன்னதில்ல."

பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "நிஜமாவே நான் அப்படியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடம் கூட இருந்தவர். ஆனால் பொய் வரவில்லை. "கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதினேன்" என்றேன்.

மறுநாள் காலை லாரி வந்ததும் அவர் சட்டை மாட்டிக்கொண்டு குடத்தோடு கீழே இறங்கினார். இப்போது நான் பால்கனியில் நின்றேன். என்ன நடந்தது என்றால், வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒதுங்கிவிட்டார்கள். "சார் வந்திருக்காரு, விடுங்க விடுங்க." லாரி கிளீனர் தன் கையாலேயே ஓஸைப் பிடித்து நிரப்பினான். எதிர்வீட்டு அம்மா குடத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். இரண்டே நிமிடத்தில் மேலே வந்துவிட்டார். நான் அந்த வரிசையில் தினமும் முக்கால் மணி நேரம் நிற்பவள்.

"இதுக்கா இவ்ளோ பெரிய கதை எழுதினே?" என்று கேட்டார்.

அந்த ஒரு குடத்தைப் பற்றித் தொழிற்சாலையிலும், என் அம்மாவிடமும், தன் தங்கையிடமும், பால்காரரிடமும் சொன்னார். இரண்டாவது குடம் தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

நல்ல ஆணை எழுத உட்கார்ந்தேன். கோடை விடுமுறை என்பதால் நேரம் இருந்தது. மனதில் வந்த நல்லவர்கள் எல்லாரும் காகிதத்தில் இறக்கியதும் காலண்டர் படம் போல ஆனார்கள். சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பள்ளித் தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி நெடுநேரம் யோசித்தாள். "நல்லவர்னா எங்க மச்சினர்தான்டி. ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டார்." எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "துபாய்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வருவார்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் குடம், படியில் தண்ணீர். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். படியிலேயே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து அலுமினியக் கூடையோடு பஸ் ஏறி வருபவர். நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"இன்னாக்கா, காலு இப்டி வீங்கிகினு கீது?"

"ஒண்ணுமில்லக்கா. லாரி போயிடும், இன்னும் நாலு குடம் இருக்கு."

"லாரி கெடக்குது. நீ குந்து மொதல்ல."

கூடையை மூடிப் படிக்கட்டின் கீழே வைத்தார். வரிசையில் யாரும் அவருக்கு வழி விடவில்லை. சண்டை போட்டுத்தான் பிடித்தார். நாலு குடத்தையும் இரண்டாம் மாடிக்கு ஏற்றினார். என்னைத் தோளில் தாங்கி மேலே கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைத்து, காலுக்கு ஈரத்துணி சுற்றினார். அவர் கீழே போய்ப் பார்த்தால், கூடையில் இருந்த பெரிய மீன் இரண்டைப் பூனை இழுத்துப் போயிருந்தது. அதைப் பற்றி எனக்குச் சொன்னது எதிர்வீட்டு அம்மாதான். நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தபோது, "சும்மா பேசிகினு இருக்காத. நாளிக்கு எத்தினி மணிக்கு வரும் லாரி?" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் நான் நடந்ததும், எதுவுமே நடக்காதது போலக் கூடையை இறக்கி, "சங்கரா மீனு கீது, வோணுமா?" என்றார்.

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். எல்லாம் அவர்தான். செய்ததும், பேசியதும், பேசாமல் விட்டதும் அவர்தான். புடவையை எடுத்துவிட்டு லுங்கி கட்டினேன். ஒரு மீசை வைத்தேன். வேறெதையும் தொடவில்லை.

அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் அம்மா ஆண்மை. செய்வான், சொல்ல மாட்டான்" என்றார். அதைச் சொல்ல அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். செயலாளர் எழுந்து, "எனக்கு என்னையே கண்ணாடியில பாத்த மாதிரி இருந்தது" என்றார். அவர் மனைவி அன்று வரவில்லை. ஒரு பெண் மனது வைத்தால் ஆணை எவ்வளவு துல்லியமாகப் படைக்க முடியும் என்று மூவர் பாராட்டினார்கள். கடைசியில் தலைவர் கேட்டார்: "யார் அம்மா அந்த மாமனிதர்? நம்ம ஊர்தானே? கூப்பிட்டுப் பொன்னாடை போத்திடுவோம்."

சொன்னேன்.

செயலாளர் தன் குறிப்பேட்டில் எதையோ அடித்தார். தலைவர்தான் முதலில் தேறினார். "இருந்தாலும் பாருங்க, அவ்வளவு உயர்ந்த குணத்தை எழுதணும்னு வந்தப்ப நீங்க ஆணாத்தானே எழுதினீங்க? அது தானா வரும் அம்மா" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பொன்னாடைப் பேச்சு அதோடு நின்றது.

விஷயத்தை மறைக்க மனமில்லாமல் மீன்கார அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்களப் பத்தி ஒரு கதை எழுதியிருக்கேன். ஆனா ஆம்பளையா மாத்திட்டேன்."

கத்தி நின்றது. "ஆம்பளயாவா? நான் உனுக்கு இன்னா துரோகம் பண்ணேன்?"

படிக்கச் சொன்னார். அந்த வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். செதில் தெறித்துக் காகிதத்தில் ஒட்டியது. விழுந்த இடத்தில் "த்சொ" கொட்டினார். பூனை வந்த இடத்தில் அந்தப் பூனையைத் திட்டினார். முடித்ததும் தலையை ஆட்டினார். பிடிக்கவில்லை.

"நாலு நாளு தண்ணி தூக்கினு வந்தவன் ஒரு வார்த்த சொல்லிக் காட்டாம பூட்டானா? ஆம்பள? இன்னாக்கா நீ, டீச்சரா கீற, நம்புற மாரி எழுத வாணாமா?"

அந்தக் கதையைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அது ஒன்றுதான் கதையைப் பற்றியது. வீட்டுக்குப் போய் மீசையை எடுத்தேன், புடவையைத் திருப்பிக் கட்டினேன். அப்படி எழுதியதும் கதை தானாக நேரே நின்றது. வேறொரு இதழில் வெளிவந்தது. அக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவர் மகள் படித்துக் காட்டினாளாம். குப்பத்தில் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று அடுத்த வாரம் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

வட்டத்துக்கும் இரண்டு பிரதிகள் அனுப்பினேன். பல மாதங்கள் பேச்சு மூச்சு இல்லை. ஒருநாள் ரயில் நிலையத்தில் தலைவரைப் பார்த்தபோது நானே கேட்டேன். அவர் மிகவும் அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"படிச்சேன் அம்மா, நல்லா இருக்கு. ஆனா அதுல ஆண் கதாபாத்திரமே இல்லையே, நாங்க எதை விவாதிக்கறது?"