கை சுடாத ஊசி

ஊசி போடுவது எங்கள் தொழிலில் ஒரு நொடி வேலை. அந்த ஊசியை வேகவைத்துவிட்டுக் காத்துக் கிடப்பதுதான் மிச்சம் அத்தனையும். கண்ணாடி சிரிஞ்சு காலத்தில் நர்ஸாக இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இருந்தால் திரி இருக்காது, இரண்டும் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் வேலை பார்த்தது, படப்பைக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரியில். ஒரு டாக்டர், நான், ஆயா தேசம்மா. அவ்வளவுதான் எங்கள் பட்டாளம். அங்கே நடந்தவற்றில் கன்னியம்மாவைச் சுற்றி நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவளுடைய முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த எட்டாம் நாள் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போயின. தொப்புள்கொடியை அறுத்த அரிவாளும், புண்ணில் வைத்த சாணிச் சாம்பலும் செய்த வேலை அது. மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதம். தாய்க்கு இரண்டு டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிட்டால் பிள்ளை பிழைக்கும். நான் அதைப் போட முடிந்ததா என்பதுதான் விஷயம்.

சூடு

நான் சேர்ந்த புதிது. எங்களிடம் இருந்த ஒரே இடுக்கி, கட்டுப் போடும் அறைக்குப் போயிருந்தது. வாசலில் கூட்டம். பொறுமையில்லாமல், வெந்து இறக்கிய சிரிஞ்சை விரலாலேயே எடுத்தேன். சுட்டது. கை நழுவிய சிரிஞ்சு தரையில் விழுந்து சுக்குநூறானது. இருந்ததே நான்குதான்.

தப்பு என்னுடையது. கத்தியது தேசம்மாவைப் பார்த்து. "ஆற வச்சு எடுத்துட்டு வரத் தெரியாதா? இத்தனை வருஷமா என்ன வேலை பாத்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். தேசம்மா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குனிந்து கண்ணாடித் துண்டுகளை முந்தானையில் பொறுக்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே சுடாது சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்தவர்கள்

சொன்னபடியே அதற்குப் பிறகு சுடவில்லை. சிரிஞ்சு கைக்கு இதமாக வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. வேலை சுலபமானால் யார் கேட்கிறோம்?

சில வாரங்களில், ஊசி போட்டுக்கொண்டவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். போட்ட இடம் கல்லாக வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்தார்கள். டாக்டர் மருந்தைச் சந்தேகப்பட்டார். நான் ஸ்பிரிட்டைச் சந்தேகப்பட்டேன், பஞ்சைச் சந்தேகப்பட்டேன், என் கைகளைத் தோல் உரியத் தேய்த்துக் கழுவினேன். இருபது நிமிடம் குறையாமல் வேகவைப்பதாகத் தேசம்மா சொன்னார். ஒரு நாள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நானே ஸ்டவ் பக்கத்தில் நின்றேன். கொதி அடங்கியதும் டாக்டர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள், ஆறுவதற்குள் போய்விட்டேன். அவர் சொன்னது உண்மைதான், இருபது நிமிடம் குறையவில்லை.

கன்னியம்மாவின் நாத்தனார் சரோஜாவுக்கும் இடுப்பில் கட்டி. டாக்டர் கீறினார், நான் பிடித்துக்கொண்டேன். அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கட்டுப் போட்டு எழுந்தவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வாசல் பெஞ்சில் இருந்தவர்களிடம்தான் பேசினாள்: "இருமலுக்கு வந்தேன், நொண்டிக்கினு போறேன். இன்னா ஆஸ்பத்திரி இது?"

பாதி திறந்த கதவு

அடுத்த வாரம் பெஞ்சு காலி. கன்னியம்மாவும் வரவில்லை. நானே அவள் வீட்டுக்கு நடந்தேன். கதவைப் பாதி திறந்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். படித்த பாடத்தை ஒப்பித்தேன். இந்த ஊசி உனக்காக இல்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக, எட்டாம் நாள் வருவதை இது தடுக்கும் என்றேன். உள்ளே சரோஜா குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என் பாடம் எடுபடுமா? கன்னியம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் இவ்வளவுதான் கேட்டாள்: "ரெண்டு புள்ளைய ஊசி போடாம மண்ணுக்கு குட்த்தேன். இத ஊசி போட்டு குடுக்க சொல்றியா?"

பானை

ஒரு நாள் காலையில் பஸ் அதிசயமாகச் சீக்கிரம் வந்தது. பின்பக்கமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். தேசம்மா ஸ்டவ்வை அணைத்து, சிரிஞ்சு கொதித்த தட்டைத் துணி பிடித்து இறக்கி, சுடுதண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். அடுத்தபடி, தாழ்வாரத்தில் நோயாளிகள் குடிக்க வைத்திருந்த மண்பானையில் டம்ளரை விட்டு மொண்டார். இருமுகிறவர், பேதிக்காரர், புண்ணைச் சொறிகிறவர் எல்லோருடைய கையும் போகிற பானை அது. இரண்டு டம்ளர் ஊற்றி, கீரை அலசுவதுபோல சிரிஞ்சையும் ஊசிகளையும் விரலால் அலசினார்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய தேசம்மா தட்டை என் பக்கம் நீட்டினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "தொட்டு பாருங்க சிஸ்டர், ஜில்லுனு கீது. அன்னிக்கு நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு தபா கூட உங்க கை சுட வுட்டதில்ல."

ஒப்புக்கொண்டது

டாக்டர் நல்லவர், ஆனால் பயந்தவர். பழைய மருந்து சரியில்லை, புதுசு வந்துவிட்டது என்று ஊரில் சொல்லிவிடலாம், ஆயாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். சுலபமான வழிதான். ஆனால் குளிர வைத்தது தேசம்மாவின் கை, குளிர வைக்கச் சொன்னது என் வாய். அவரை மாற்றினால் என்னையும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். விஷயம் புரிந்த தேசம்மா அன்று முழுக்க அழுதார். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் கன்னியம்மா வீட்டுக்குப் போனோம்.

ஒன்று விடாமல் சொன்னேன். என் அவசரம், நான் கத்தியது, பானை, எல்லாம். வெட்கமாக இருந்தது, எழுதும்போது இப்போதும் இருக்கிறது. சரோஜா வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டட்டும் என்று நின்றோம். கன்னியம்மா மட்டும் திட்டவில்லை, வயிற்றில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "நான் வந்து குந்திக்கினு பாப்பேன். அடுப்புல ஏத்தறதுலேர்ந்து என் கையில குத்தற வரைக்கும் பாப்பேன். நடுவுல யாராச்சும் தண்ணி ஊத்துனா எழுந்து பூடுவேன்."

காவல்

வந்தாள். ஸ்டவ்வுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கொதித்தது. தண்ணீரை வடித்து, மூடி போட்டு, தானாக ஆறட்டும் என்று வைத்தோம். தேசம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே இரண்டொருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கன்னியம்மா தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறியபின் இடுக்கியால் எடுத்து அவள் கையில் ஊசி போட்டேன். வீங்கவில்லை. அடுத்த மாதமும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்து, ஊசிக்கு முன்னால் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். தேசம்மா என் காதருகே வந்து சொன்னார்: "கல்யாண சோத்துக்கு கூட ஜனம் இவ்ளோ பொறுமையா குந்தி நான் பாத்ததில்ல சிஸ்டர்."

எட்டாம் நாள்

ஒரு மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. வேகவைத்த பிளேடு, வேகவைத்த நூல், தொப்புளில் எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். அதன்பின் நான் நாள் எண்ண ஆரம்பித்தேன். ஊசி போட்டாயிற்று, கவலையில்லை என்று புத்தி சொன்னது. மனசு கேட்டால்தானே?

எட்டாம் நாள் காலையில் தேசம்மாவும் நானும் போனோம். வாசலில் ஆள் இல்லை. உள்ளே சத்தமும் இல்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தேசம்மா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். சுவரில் சாய்ந்து கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை சப்புச் சப்பென்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். அழுதபடியே குழந்தையைத் தொடக் கையை நீட்டினேன். கன்னியம்மா சட்டென்று பிள்ளையை முந்தானையால் மூடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல கைய கழுவிக்கினு வா நர்ஸம்மா. பானைல கைய வுடாத, மொண்டு ஊத்தி கழுவு."

என் உத்தியோகத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எத்தனையோ பேர், ஆனால் தேறவேண்டுமே என்று நடுங்கிக்கொண்டு நான் கை கழுவியது அந்த ஒருத்தி முன்னால்தான்.